சவுண்ட் ஓகே

செவிடன் என்பது அவனுக்கு டைரக்டர் வைத்த பெயர். ஒலிப்பதிவு செய்கிறவனுக்குப் போய் அப்படி ஒரு பெயரை வைத்துவிட்டு, கூப்பிடும்போதெல்லாம் தானே சிரித்துக்கொள்வார். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவன் திரும்பமாட்டான் என்பதுதான் காரணம். அது நிஜந்தான். ஆனால் மைக் நீட்டிய திசையில் ஒருவர் எச்சில் விழுங்கினால்கூட அவனுக்குக் கேட்டுவிடும்.

அவர்கள் எடுத்தது விளம்பரம். பல்லைக் காட்டிச் சோப்பைத் தூக்கிப் பிடிக்கிற விளம்பரம் இல்லை, அழவைக்கிற விளம்பரம். காலையில் ஒருவர் போனில் பார்த்து மூக்கைச் சிந்திவிட்டு, சாயங்காலத்துக்குள் ஐம்பது பேருக்கு அனுப்பி அவர்களையும் சிந்தவைப்பாரே, அந்த ரகம். அதில் டைரக்டரை மிஞ்ச ஆள் கிடையாது. “நடிச்சா ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்கய்யா. நெசமா அழணும். நெசமா அழ வைக்கணும்” என்பார். அதற்காக அவர் செய்யாத அக்கிரமம் இல்லை. நாய்த் தீவனம் விற்கும் கம்பெனிக்காக, எட்டு வயதுப் பெண் ஒருத்தியிடம் உன் நாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் அவளைக் கதறவிட்டு, பிறகு நாயைக் கொண்டுவந்து மடியில் போட்டார். அவள் நாயைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து லட்சக்கணக்கான பேர் உருகினார்கள். நாயைக் கீழே விட்ட கையோடு அந்தப் பெண் டைரக்டரின் புறங்கையைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டாள். அது மட்டும் வீடியோவில் வரவில்லை. அந்தத் தழும்பை அவர் எல்லோருக்கும் பெருமையாகக் காட்டுவார்.

செவிடனுக்கு முகத்தின்மேல் நம்பிக்கை கிடையாது. இருபது வருஷம் மற்றவர்கள் மூச்சைக் காதுக்குள் வைத்துக்கொண்டு வாழ்ந்தவன் அவன். நிஜமான அழுகை மூச்சில் தொடங்கும், பொய் அழுகை தொண்டையில் தொடங்கும் என்பது அவன் கணக்கு. கண்ணீர் அப்புறம் வருகிற விஷயம். அந்தக் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதை யாரும் அவனிடம் கேட்டதுமில்லை.

முன்பு ஒரே ஒரு முறை வாயைத் திறந்தான். நாற்பது வருஷம் கழித்துச் சந்தித்த இரண்டு கிழவர்கள் கட்டிப்பிடித்து அழும்போது மேலே ஒரு ஹெலிகாப்டர் போனது. “சவுண்ட் சரியில்ல சார், இன்னொரு தடவை போகலாம்” என்றான். டைரக்டர் ஹெட்போனை அவன் தலையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்தார். பிடுங்கின வேகத்தில் காது மடல் கிழிந்து சட்டைக் காலரெல்லாம் ரத்தம். “அழுகைய ரெண்டாவது தடவ எவன்டா குடுப்பான்? மேல மியூசிக் போடப்போறேன். உன் சவுண்ட எவன் கேட்டான்?” என்று கத்தினார். அதற்குப் பிறகு ஏழு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டு அனுப்பியபோது வாயைத் தைத்துக்கொண்டு போனான்.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் டைரக்டர் “கட்” என்பார். கேமராக்காரர் “கேமரா ஓகே” என்பார். செவிடன் தன் பெட்டியில் இருக்கும் குட்டி மைக்கை அழுத்தி “சவுண்ட் ஓகே” என்பான். அந்த இரண்டு வார்த்தை பதிவின் வாலில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு அது அடையாளம். அந்த ஏழு மாதத்துக்குப் பிறகு ஹெலிகாப்டர் போனாலும் சவுண்ட் ஓகே, கூரை இடிந்தாலும் சவுண்ட் ஓகே.

பூட்டுக் கம்பெனி வேலை வந்தது இப்படித்தான். மூன்று தாழ் ஒரே சாவியில் விழுகிற புதுப் பூட்டு. பூட்டு வாங்குகிறவர்கள் உத்தரவாதச் சீட்டு ஒன்றை நிரப்பிக் கம்பெனிக்கு அனுப்பவேண்டும். பெயர், விலாசம், கடைசியில் ஒரு கேள்வி: இந்தப் பூட்டை ஏன் வாங்கினீர்கள்? எல்லோரும் திருட்டு பயம் என்றோ கடைக்காரர் சொன்னார் என்றோ எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் “நான் தனியாக இருக்கிறேன்” என்று எழுதியிருந்தாள்.

டைரக்டர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கினார். “பாருங்கய்யா. பூட்டு வாங்கின சீட்டுல தன் தனிமைய எழுதியிருக்கா. எவ்வளவு ஏங்கியிருந்தா இத எழுதுவா! அந்தக் கதவத் திறந்தா அவ சொந்தம் நிக்கணும். அதான் நம்ம படம்.” எதற்காக ஒருத்தி பூட்டு வாங்குவாள் என்பது அந்த அறையில் இருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. செவிடனுக்கும் தோன்றவில்லை. அவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

அவள் தையல்காரி. பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. அவள் பெயரை வைத்து இணையத்தில் தேடினபோது அவள் படத்தோடு ஒரு வேண்டுகோள் கிடைத்தது. என் தங்கையைக் கண்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள் என்று அவள் அண்ணன்காரன் போட்டிருந்தான். அதற்குக் கீழே முன்பின் தெரியாத முந்நூறு பேர் அழுதிருந்தார்கள். டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணன்காரன் லாரிப் பட்டறையில் டயர் கழற்றுகிறவன். முன்னங்கை ஒவ்வொன்றும் செவிடனின் தொடை அளவு. பேட்டி எடுக்கக் கேமரா முன்னால் உட்கார்ந்து, “வெளியூர்ல வேலையா இருந்தேன் சார். ஆறு வருஷம். திரும்பி வந்து பாத்தா தங்கச்சி இல்ல. எங்க போனான்னே தெரியல. எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான்” என்று முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். கேமராக்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். செவிடன் மட்டும் ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான். தோள் குலுங்கியது. தொண்டை கரகரத்தது. மூச்சு மட்டும் தூங்குகிறவன் மூச்சு மாதிரி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

“சார், அழுகைல மூச்சே இல்ல சார்” என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“ஆம்பள அப்படித்தான்டா அழுவான்” என்றார் டைரக்டர்.

படம் எடுக்கிற அன்று காலை பத்து மணிக்கெல்லாம் எல்லாம் தயார். மின்சார மீட்டர் பெட்டிக்குள் ஒரு கேமரா, எதிர் வீட்டுக் கதவு ஓட்டையில் இன்னொன்று. டைரக்டர் எதிர் வீட்டுக்குள் திரை முன்னால். அவர் ஹெட்போன் போடமாட்டார். சத்தம் மனசைக் கலைக்குமாம். செவிடன் மேல்மாடிக்குப் போகும் படியில், கைப்பிடிக் கம்பிகளுக்குப் பின்னால், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பீக்கர். ஆட்களை இளக்குவதற்காகப் படம் எடுக்குமுன் சோகப் பாட்டுப் போடுவது டைரக்டர் வழக்கம். இன்று ரகசியக் காட்சி என்பதால் அது சும்மா கிடந்தது. அண்ணன்காரன் சட்டைக் காலருக்குள் மொச்சைக்கொட்டை அளவு மைக்கைச் செவிடன்தான் குத்திவிட்டான். அப்போது அவன் கழுத்து நரம்பு துடிப்பது விரலில் பட்டது. கையில் பூங்கொத்து வேறு. பேசுவது எதுவும் படத்தில் வராது, மேலே மியூசிக்தான் என்று டைரக்டர் அவனிடம் சொல்லிவைத்திருந்தார்.

பூட்டுக்கு எண்ணெய் விட ஆள் வரும் என்று தையல்காரிக்கு முதல் நாளே போன் போயிருந்தது. கம்பெனிச் சீருடையில் நிஜமான பூட்டுக்காரர் மணியை அடித்தார். “பூட்டுக் கம்பெனிலேர்ந்து வரோம்மா.” ஓட்டை வழியாக ஒரு கண் பார்த்தது. சீருடையைப் பார்த்தது. தாழ்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று விலகின. பூட்டுக்காரர் நகர்ந்துகொள்ள, பின்னால் இருந்து அண்ணன்காரன் வந்து நின்றான்.

அவள் கத்தவில்லை. இரண்டு கையும் மேலே போய்த் தலையை மூடிக்கொண்டன. முழங்கால் மடிந்து அப்படியே உட்காரப் போனாள். அவன் பூங்கொத்தைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்து இறுக்கினான். எதிர் வீட்டுக்குள் டைரக்டர் விம்முவது சுவரைத் தாண்டிக் கேட்டது. அவள் கைமுட்டிகள் அவன் முதுகில் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

செவிடன் காதுக்குள் அண்ணன்காரன் ரகசியம் பேசினான். ஒரு சொல்லும் பிசிறில்லாமல் கேட்டது.

“கோர்ட்ல நல்லாப் பேசுனியே. ஆறு வருஷம் உள்ள தள்ளுனியே. இப்ப பேசு.”

எலும்பு நெரிகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவன் கேட்டான். பச்சைக் குச்சியை மெல்ல வளைப்பதுபோல் இருந்தது.

“சத்தம் போட்டா இங்கயே கழுத்த ஒடிப்பேன். எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. சிரி. உங்க அண்ணி மாதிரி நீயும் படிக்கட்டுல விழுந்தேன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். சிரிடி.”

அவன் தோளுக்கு மேல் அவள் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. கண்கள் இங்கும் அங்கும் அலைந்து கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையில் வந்து நின்றன. ஹெட்போன் மாட்டின ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவன் காதைப் பார்த்தாள். பிறகு அவன் கண்ணைப் பார்த்தாள்.

செவிடன் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கேமராவில் விழுவான். விழுந்தால் அழுகை கெடும். கெட்டால் ஏழு மாதம். இவ்வளவும் அவன் யோசித்தான் என்று சொன்னால் அவனை ரொம்ப உயர்த்தியதாகிவிடும். உடம்பு பழகிப்போன இடத்தில் அப்படியே இருந்தது, அவ்வளவுதான். பெட்டியில் நொடிகள் ஓடின. நாற்பத்தொன்றில் டைரக்டர் தழுதழுத்த குரலில் “கட்” என்றார்.

“கேமரா ஓகே.”

“சவுண்ட் ஓகே” என்றது செவிடனின் வாய்.

எல்லோரும் வெளியே வந்து கைதட்டினார்கள். அண்ணன்காரன் ஒரு கையைத் தங்கையின் பிடரியில் போட்டபடி, “எங்கள கொஞ்ச நேரம் தனியா விடுங்க சார். மனசு விட்டுப் பேசணும்” என்றான். டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். “எல்லாரும் கீழ போங்க. இது அவங்க நேரம்.”

செவிடன் படியிறங்கி வந்து அவர் காதோரம் சொன்னான். “சார், அவன் வேற என்னமோ சொன்னான். ஒரு தடவ போட்டுக் கேளுங்க சார்.”

“அண்ணன் தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும். நீ என்ன ஒட்டுக்கேக்குறவனா?”

“மைக்கயாவது வாங்கிக்கிறேன் சார்.”

“அப்புறம் வாங்கலாம். கெடுக்காத.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. பூட்டுக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தகப்பன் மாதிரி புன்னகைத்துக்கொண்டு கீழே போனார். கூட்டமும் போனது. தெருவில் நின்று டைரக்டர் அந்த நாற்பத்தொரு நொடியைப் போனிலேயே வெட்டி, மேலே பியானோ போட்டு, “இது நடிப்பு இல்லை” என்று தலைப்பு எழுதி அனுப்பிவிட்டார். அவருக்கு எதிலும் சுணக்கம் கிடையாது.

செவிடன் படியில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வேண்டுமென்றேதான் மெதுவாகச் சுருட்டினான். மடியில் இருந்த பெட்டியில் ஒலியளவைக் காட்டும் முள் துள்ளியது. மைக் இன்னும் அண்ணன்காரன் காலரில்தான் இருந்தது. ஹெட்போனை மாட்டினான்.

முதலில் கேட்டது ஒரு மேசை புரள்கிற சத்தம். பிறகு தையல் இயந்திரம் சாய்ந்து இரும்பு தரையில் மோதியது. பிறகு அடி. துணி அளக்கும் மரக்கோலால் அடித்தான். அது மூன்றாவது அடியில் முறிந்தது. அதற்குப் பிறகு வெறுங்கை. கன்னத்தில் விழுந்தால் ஒரு சத்தம், விலாவில் விழுந்தால் வேறு சத்தம். கண்ணை மூடிக்கொண்டே எங்கே விழுகிறது என்று சொல்லும் அளவுக்கு அவன் தொழில் கற்றவன். “யார் தள்ளினது? சொல்லு. யார் தள்ளினது? அவளா விழுந்தா. சொல்லு, அவளா விழுந்தா.” ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி. நடுவில் ஓட்டுத்துண்டு உடைவதுபோல் ஒன்று கேட்டது. அது தாடை. அதன் பிறகு அவள் குரல் சொல்லாக வரவில்லை.

செவிடன் பெட்டியைத் தோளில் மாட்டியபடி ஓடிப் போய்க் கதவில் மோதினான். தோள் கன்றிப் போனதுதான் மிச்சம். காலால் உதைத்தான். “திறடா! டேய், திறடா!” கதவு அசையவில்லை. படி வளைவில் நின்று கீழ்நோக்கிக் கத்தினான். “பூட்டுக்காரரே! மேல வாங்க! கொல்றான்! உள்ள கொல்றான்!”

பூட்டுக்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார். பின்னாலேயே டைரக்டர். “என்ன கத்துற? ஏதோ உணர்ச்சி வேகத்துல ரெண்டு வார்த்தை…” என்றார். செவிடன் ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் அடித்தாற்போல் மாட்டினான். அவர் முகம் சாம்பலாகப் போனது. இரண்டு நொடிக்கு மேல் கேட்க முடியாமல் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவரோரம் குந்திவிட்டார்.

“ஒடைங்க” என்றான் செவிடன்.

“ஒடையாதுங்க” என்றார் பூட்டுக்காரர். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. “கதவு சட்டம் எல்லாம் இரும்பு. லாரிய விட்டு இடிச்சுக் காட்டினோமே. தொள போட்டுத்தான் திறக்கணும். இருபது நிமிஷம் ஆகும்.”

இருபது நிமிஷம் அவள் தாங்கமாட்டாள் என்பது செவிடனுக்கு மட்டும்தான் தெரியும். அவள் மூச்சு அவன் மறுபடி எடுத்து மாட்டிக்கொண்ட ஹெட்போனுக்குள் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. பூட்டுக்காரர் துளைக்கருவியைக் கதவில் வைத்தார். டைரக்டர் போலீசுக்குப் போன் போட முயன்று தப்புத் தப்பாக அழுத்திக்கொண்டிருந்தார்.

செவிடனிடம் இருந்தது சத்தம் ஒன்றுதான். படியிலிருந்த ஸ்பீக்கரை இழுத்து வந்து கதவுக்கு நேரே வைத்தான். பெட்டியிலிருந்து வயரை அதில் சொருகி, ஒலியை உச்சத்துக்குத் திருப்பினான்.

மூன்று மாடியும் கேட்டது. “சொல்லு, அவளா விழுந்தா” என்று உள்ளே அண்ணன்காரன் சொன்னது, வெளியே நூறு மடங்காக இடித்தது. அடி விழுந்தது, கட்டடமே அடி வாங்கியதுபோல் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேலும் கீழும் கதவுகள் படபடவென்று திறந்தன. கட்டிலில் கிடந்தவர்கள், அடுப்படியில் நின்றவர்கள் எல்லோரும் படிக்கு ஓடி வந்தார்கள். அவர்களும் வாழ்நாளில் எத்தனையோ அழுகையைப் போனில் பார்த்தவர்கள்தான். பாட்டு இல்லாமல் கேட்டது இதுதான் முதல் தடவை.

உள்ளே அடி நின்றது.

“யாருடா அது?” என்றான் அண்ணன்காரன். “யாருடா அது?” என்றது ஸ்பீக்கர்.

பிறகு துணி உரசுகிற சத்தம், காலரைத் தடவுகிறான். நரநரவென்று ஓர் இரைச்சல். அதோடு ஸ்பீக்கர் செத்துப்போனது. மைக்கைப் பிய்த்துவிட்டான். இப்போது செவிடனுக்கும் மற்றவர்களைப்போல் கதவு மட்டும்தான். அவள் மூச்சு விடுகிறாளா இல்லையா என்று தெரியாமல் நின்ற அந்த அரை நிமிஷத்தில் அவன் வாய்விட்டு அழுதான்.

அந்த வீட்டிலிருந்து வெளியேற வேறு வழி கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று. கதவு திறந்தது. அண்ணன்காரன் கையில் தையல்காரியின் இரும்பு இஸ்திரிப்பெட்டி இருந்தது. கூட்டம் பின்வாங்கியது. பூட்டுக்காரரை ஓர் உதையில் படியில் உருட்டிவிட்டான். செவிடன் மைக் கட்டும் நீளக் கழியை இரண்டு கையாலும் பிடித்துக் குறுக்கே நின்றான். சண்டை என்று அவன் பள்ளிக்கூடத்தில்கூடப் போட்டதில்லை. கழியால் கண்ணைப் பார்த்துக் குத்தினான். அது நெற்றியில் கிழித்தது. இஸ்திரிப்பெட்டி சுழன்று வந்து அவன் இடது காதில் இறங்கியது.

விழுந்தான். உலகத்தில் பாதிச் சத்தம் அந்த நிமிஷமே போய்விட்டது. அவன் மார்பில் முழங்காலை ஊன்றி அண்ணன்காரன் இஸ்திரிப்பெட்டியை இரண்டாம் தடவை ஓங்கினான். ஓங்கினவன் அப்படியே நின்றான். வாய் கோணிக்கொண்டு போனது. அவனுக்குப் பின்னால் தையல்காரி தரையில் கிடந்தாள். தவழ்ந்தே வந்திருக்கிறாள். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் கைப்பிடிவரை அவன் தொடைக்குள் போயிருந்தது. அவள் அதை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். அவன் அலறிச் சாய்ந்த பிறகுதான் கூட்டத்துக்குக் கைகால் வந்தது. பத்துப் பேர் விழுந்து அமுக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் செவிடனின் காதுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ் நல்ல பெண். அவனுக்குப் பொழுது போகட்டும் என்று தன் போனை நீட்டினாள். “இதப் பாருங்க. ஊரே பாத்துடுச்சு. அண்ணனைப் பாத்ததும் அந்தப் பொண்ணுக்கு நிக்கக்கூட முடியல. செல்லமா முதுகுல அடிக்குது பாருங்க. நான் நாலு தடவ அழுதேன். இதெல்லாம் நடிச்சு வராதுங்க.”

“இல்ல. நடிப்பு இல்ல” என்றான் செவிடன். தையல்காரி அதே ஆஸ்பத்திரியில் ஒரு மாடி மேலே படுத்திருக்கிறாள் என்பதை நர்ஸிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கம்பெனி வீடியோவை நீக்கிவிட்டது. ஆனால் பிரதிகள் பியானோவோடு ஊர் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

மூன்றாம் நாள் மத்தியானம் டைரக்டர் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, “நாளைக்கு இன்ஸ்பெக்டர் அந்தப் பதிவ அந்தப் பொண்ணு முன்னாடி போட்டுக் கேக்கப்போறாராம். பெட்டி அதுவரை உன்கிட்டத்தான் இருக்கு. கடைசில உன் குரல் இருக்கு. அதுக்கு முன்னாடி என் குரல் இருக்கு. ரெண்டையும் வெட்டிடு. ரெண்டு செகண்டு. அவன் பேசினது முழுசா அப்படியே இருக்கும், கேஸுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். பிறகு, “எல்லாரும் உன்னத்தான் காப்பாத்தினவன்னு சொல்றாங்க. அது அப்படியே இருக்கட்டுமே” என்றார். இது மட்டும் பாசமாகத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு செவிடன் பெட்டியை மடியில் வைத்து, நல்ல காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, வாலைத் தேடினான். வெட்டத்தான் தேடினான், அதில் சந்தேகம் வேண்டாம். “கட்” வந்தது. “கேமரா ஓகே” வந்தது. அடுத்து அவன் குரல். எங்கே வெட்டுவது என்று பார்க்க மெதுவாக ஓட்டினான். அப்போதுதான் அது கேட்டது.

“கட்” கேட்டதும் அண்ணன்காரன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறான். நாற்பத்தொரு நொடி அடைத்துக் கிடந்த அவள் நெஞ்சுக்குள் முதல் மூச்சு போனது. உள்ளே இழுத்த மூச்சு பாதியில் உடைந்து, இரண்டாகி, மூன்றாகி நடுங்கியது. இருபது வருஷத்தில் அவன் பதிந்ததிலேயே நிஜமான அழுகை அதுதான். அதன் மேலேயே அவன் குரல் உட்கார்ந்திருந்தது. தன்னை வெட்டினால் அவள் மூச்சும் சேர்ந்து போகும். பிரித்தெடுக்க வழியில்லை.

வெட்டும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பிறகு பெட்டியை மூடிவிட்டான்.

மறுநாள் காலை அவள் அறையில் இன்ஸ்பெக்டர், எழுதுகிற காவலர், செவிடன் மூவரும் இருந்தார்கள். தையல்காரியின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடிக் கிடந்தது. பேச முடியாது, மடியில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவளிடம், “பயப்படாதம்மா. குரல் யாருதுன்னு மட்டும் எழுதிக் குடு” என்றார். செவிடன் பொத்தானை அழுத்தினான்.

கோர்ட்ல நல்லாப் பேசுனியே. அவள் விரல்கள் போர்வையைப் பற்றின. பதிவு ஓடியது. சிரிடி. கட். கேமரா ஓகே. பிறகு அந்த மூச்சு, அதன் மேல் தெளிவாக, நிதானமாக: சவுண்ட் ஓகே.

எழுதுகிற காவலரின் பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பார்த்தார். “கடைசிக் குரல் யாரு?”

“நான்தான்” என்றான் செவிடன். ஒரு காது போனவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. அந்தச் சின்ன அறைக்கு அது ரொம்பச் சத்தமாக இருந்தது. “நான்தாங்கய்யா. அவன் சொன்னது எல்லாம் எனக்கு அப்பவே கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.”

தையல்காரி பேனாவை எடுத்தாள். மெதுவாக எழுதி, நோட்டை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பாமல் செவிடன் பக்கம் திருப்பினாள்.

தெரியும். உங்களைப் பார்த்துக்கொண்டுதான் நொடிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.